‘என்ன கிடைத்தது?’ என்று கேட்பதை நிறுத்துவோம்

(நீண்ட பதிவு. முழுவதும் வாசித்துவிட்டு மறுக்குமாறு வேண்டுகிறேன்.)

மும்பைத் தமிழரைப் பற்றிய உரையாடல்களில், அதிலும் தாராவிக் கிறித்தவர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கிறது: “மதம் மாறியதால் அவர்களுக்கு என்ன கிடைத்தது?” கேட்பவர் வலதுசாரியாக இருந்தால், அரிசியும் பால்மாவும் பள்ளியில் இடமும் கிடைத்தன என்ற விடையை அவரே வைத்திருப்பார். முற்போக்காளராக இருந்தால், ஒன்றும் கிடைக்கவில்லை, சாதியும் போகவில்லை, வறுமையும் போகவில்லை என்ற விடையை வைத்திருப்பார். இவ்விரு விடைகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்களே. ஏழையின் சமயம் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். அதை வரவு செலவாக மட்டுமே புரிந்துகொள்ள முடியும் என்னும் முன்முடிவு இரண்டிற்கும் அடியில் கிடக்கிறது.

“ஆண்டவர் என்னை ஒரு மனுஷியாக எண்ணினார்” என்ற பொருள்பட ஒரு பெண் பேசும்போது நாம் அதைக் களக்குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். பிறகு அதற்குப் பின்னால் ‘உண்மையான’ காரணம் எது என்று தேடப் புறப்படுகிறோம். அவர் சொன்னதே காரணமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் நமக்கு எழுவதே இல்லை. இப்பதிவு அந்த வழக்கத்திற்கு எதிரானது. ஒடுக்கப்பட்டோர் கிறித்தவ நம்பிக்கையில் கண்டடையும் தன்மதிப்பு ஒரு மாயையும் அல்ல, ஒரு கூலியும் அல்ல. அது உலகைப் பற்றிய ஒரு தீர்ப்பு, சிந்தித்து அடைந்த தீர்ப்பு. அதைத் தீர்ப்பாக ஏற்று வாதிட மறுக்கும் ஆய்வு, தான் எதிர்ப்பதாகச் சொல்லும் சாதியப் பார்வையையே வேறு சொற்களில் தொடர்கிறது. இதுவே என் வாதம்.

1. இருவகைப் பேரேடு

நமக்கு நன்கு தெரிந்த தமிழ் இலக்கிய வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். 1858இல் திருமுழுக்குப் பெற்றார். 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். மதம் மாறுவதற்கு முன்பே சாயர்புரம் மிஷன் பள்ளியில் அவர் தமிழாசிரியராக இருந்தார். பின்னரும் கிறித்தவக் கல்வி நிறுவனங்களில் ஊதியம் பெற்றார். அவர் வேலைக்காக மதம் மாறினார் என்று எந்தத் தமிழ்த்துறையும் கற்பிப்பதில்லை. அவருடைய மாற்றம் ஆன்மத் தேடல், உள்ளத்தின் போராட்டம், பக்தி மரபின் புதிய கிளை என்றே கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு கற்பிப்பது முற்றிலும் சரி.

மராட்டிய மண்ணுக்கு வருவோம். சித்பாவன் பிராமணரான நாராயண் வாமன் திலக் 1895இல் இதே பம்பாயில் திருமுழுக்குப் பெற்றார். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றபோது, வாண்டேஜ் நகரில் ஆங்கிலிக்கன் துறவியரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். இருவர் காலத்திலும் பழி தூற்றியோர் இருந்தனர். ஆனால் இன்றைய ஆய்வுலகம் அவர்களுடைய கடிதங்களையும் பாடல்களையும் வாசித்து அவர்கள் என்ன சிந்தித்தார்கள் என்றுதான் கேட்கிறது. எத்தனை வேளை உணவு கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை.

இனி மூன்றாவது ஒருவரைப் பார்ப்போம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் பிறந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தவர். சிதம்பரத்திற்கு யாத்திரை போய் மனநிறைவு பெறாமல் தஞ்சாவூர் சென்றார். அங்கே கிறித்தவச் செய்தியைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். தம் ஊருக்கு ஒரு போதகர் வேண்டுமென்று கேட்டார். அந்த அழைப்பை ஏற்றே ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். மிஷனரி அவரைத் தேடி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தேடிப் போனவர் அவர். அழைத்து வந்தவரும் அவரே. ஆயினும் ‘தெற்குத் திருவிதாங்கூரின் வெகுசன மதமாற்றம்’ என்ற தலைப்பு வந்தவுடன் தனிமனிதர் மறைந்து பஞ்சமும் வரியும் கூலியும் மட்டும் காரணங்களாக எஞ்சுகின்றன.

கிருஷ்ணபிள்ளைக்கு உள்ளம் உண்டு, வேதமாணிக்கத்திற்கு வயிறு மட்டுமே உண்டு என்பதுதானே இந்த முறையியலின் பொருள்? இதைச் சமூகவியல் என்று அழைப்பதற்கு முன் ஒருமுறை நாம் தயங்க வேண்டும்.

2. கிடைத்தது அல்ல, இழந்தது

ஆசை காட்டி மாற்றினார்கள் என்னும் வாதத்தை அதன் சொந்தத் தளத்திலேயே, அதாவது பொருள் கணக்கிலேயே, எடை போடுவோம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான அரசமைப்புச் சட்டப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். ஆகவே திருமுழுக்குப் பெறும் ஓர் ஆதிதிராவிடர், சட்டப்படி, அன்றே இழக்கத் தொடங்குகிறார்: ஒதுக்கீட்டை, தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பை. இந்த நாட்டில் மதத்திற்குப் பொருள்வழித் தூண்டுதல் ஒன்று சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறதெனில், அது கிறித்தவத்தை விட்டு விலகுவதற்கான தூண்டுதலே. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ வாசித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சூசை வழக்கை நினைவுகூருங்கள். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஓர் ஆதிதிராவிடக் கிறித்தவர் அவர். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்ட சிறுகடை, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. கிறித்தவத்திற்குள்ளும் அதே கடுமையுடன் இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்பது தீர்ப்பின் சாரம். அவர் கையிலிருந்த ஊசியும் தோலும் சான்றாகவில்லை. ஒரு கடைக்காக அவர் தம் நம்பிக்கையை மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ‘அரிசிக் கிறித்தவர்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் இந்த மனிதரை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதே இடத்தில் இன்னொரு திருகைச் சேர்த்தது. நம்பிக்கையின்றி ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது அது. தேவாலயத்திற்குச் செல்வது சான்றாகக் கொள்ளப்பட்டது. ஒரு குடிமகளின் இறைவேண்டல் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான ஆவணமாகிறது. ஒடுக்கப்பட்டவர் மாறினால் ‘ஆசைக்காக மாறினார்’. திரும்பினால் ‘ஆசைக்காகத் திரும்பினார்’. எந்தத் திசையில் நடந்தாலும் அவர் மனச்சான்றோடு நடந்தார் என்று நம்ப இந்த அமைப்பு அணியமாக இல்லை.

மும்பைத் தமிழருக்கு இதில் இன்னுமொரு படி உண்டு. ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் சாதித் தகுதி, பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குத் தானாக உடன்வராது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 1994இலும் 2018இலும் அதை உறுதி செய்தது. ஆகவே பிற்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த ஆதிதிராவிடருக்கு, அவர் இந்துவாகவே இருந்தாலும், மராட்டிய மாநில ஒதுக்கீட்டின் கதவு எளிதில் திறப்பதில்லை. இங்கே கணக்குப் பார்த்து மதம் மாறுபவர் எதைக் கணக்குப் பார்க்கிறார் என்பதைக் கற்றறிந்தோர் எனக்கு விளக்க வேண்டும்.

3. ஐயத்தின் வம்சாவளி

இந்த ஐயம் எங்கிருந்து வந்தது? இந்துத்துவம் கண்டுபிடித்தது என்று எண்ணுவது வசதியானது. ஆனால் வரலாறு அப்படியில்லை. ரூபா விஸ்வநாத், ‘பறையர் சிக்கல்’ குறித்த தம் 2014ஆம் ஆண்டு நூலில், ஆன்மிக நோக்கம், பொருள் நோக்கம் என்ற பிரிவினையை மிஷனரிகளே கடுமையாகப் பேணியதைக் காட்டுகிறார். சேரிகளிலிருந்து மக்கள் திரண்டு வந்தபோது முதலில் ஐயுற்றவர்கள் அவர்களே. நிலம் கேட்டு வருபவனின் ஆன்மாவில் கலப்படம் உண்டு என்று அஞ்சினார்கள். மண்ணையும் மானத்தையும் சேர்த்துக் கேட்பது கலப்படமல்ல, அடிமைப்பட்டவன் கேட்கும் முழுமையான கேள்வி அது என்பது அவர்களுள் பலருக்குப் புரியவில்லை. அந்த ஐயத்தைத்தான் பின்னர் தேசியவாதிகள் தமதாக்கிக்கொண்டனர்.

1936இன் இறுதியில் ஜான் மாட் என்னும் மிஷன் தலைவருடன் உரையாடிய காந்தி, தீண்டப்படாதோர் சமயங்களை ஒப்பிட்டு அறியும் ஆற்றலைப் பசுவின் அறிதிறனோடு ஒப்பிட்டார். அன்பிலிருந்து எழுந்த ஒப்பீடு என்று விளக்கம் சொல்வோர் உண்டு. இருக்கட்டும். ஒருவர்க்குச் சிந்திக்கும் திறன் இல்லை என்று அன்போடு சொன்னாலும் சொல்லப்பட்டது அதுவே.

இது சட்ட மொழியாகவும் ஆனது. 1967இன் ஒடிசாச் சட்டமும் 1968இன் மத்தியப் பிரதேசச் சட்டமும் 2002இன் தமிழ்நாட்டுச் சட்டமும், மாற்றப்பட்டவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில் தண்டனையைக் கூட்டின. இந்த வரிசையை ஒருமுறை உரக்க வாசியுங்கள். வயது வந்த ஒரு பெண்ணும், வயது வந்த ஒரு தலித் ஆணும், சிறு பிள்ளையோடு ஒரே பட்டியலில். தமிழ்நாட்டுச் சட்டம் 2004இல் கைவிடப்பட்டது. அதன் பின்னாலிருந்த மானுடவியல் கைவிடப்படவில்லை. கருத்தரங்கில் “அவர்களுக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்பவர், அச்சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கேள்வி அச்சட்டத்தின் முகவுரையிலிருந்து வருகிறது.

4. தாராவியில் ஒரு சொல்

தாராவித் தமிழர் மிகப் பலரின் பூர்வீகம் பழைய திருநெல்வேலி மாவட்டம். தோல் பதனிடும் கிடங்குகளின் நாற்றத்தில் அவர்களுடைய மும்பை வாழ்க்கை தொடங்கியது. 1966க்குப் பின் ‘மதராசி’ என்ற வசையும் சேர்ந்துகொண்டது. ஊரில் சாதியால் இழிவு, நகரில் மொழியால் இழிவு, இரண்டிடத்திலும் தொழிலால் இழிவு.

ஆய்வாளர்கள் தவறவிடும் முதல் உண்மை, இவர்களுள் பலர் மும்பையில் மதம் மாறியவர்கள் அல்லர் என்பது. ஊரிலேயே இரண்டு மூன்று தலைமுறைகளாகக் கிறித்தவராக இருந்தவர்கள். அவர்களிடம் மும்பையில் நிகழ்வது பெரும்பாலும் ஓர் ஆலயத்திலிருந்து இன்னொரு சிறு ஜெபக்கூடத்திற்கான நகர்வு. பத்துக்குப் பதினைந்தடி அறை, பாய் விரித்த தரை, ஒலிபெருக்கி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். இதற்குள் நிகழ்வது என்ன?

சமூகத் தொலைவை முதலில் அளந்துகொள்வோம். மாட்டுங்காவும் தாராவியும் அண்டை இடங்கள், இடையில் இருப்புப்பாதை. ஒருபுறம் சங்கர மடமும் ஆஸ்திக சமாஜமும் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியும். மறுபுறம் லேபர் கேம்ப், தொண்ணூறடிச் சாலை, தமிழ்ச் சந்துகள். இரண்டும் தமிழ் பேசும் இடங்களே. ஆனால் தாராவிப் பெண் மாட்டுங்காவிற்குள் நுழைவது பெரும்பாலும் வீட்டு வேலைக்கு. செம்பூரிலும் அப்படியே. பணியாளருக்கெனத் தனி மின்தூக்கி ஒதுக்கும் குடியிருப்புகள் இந்நகரில் அரியன அல்ல. வாரத்தில் ஆறு நாள் அவருக்குப் பெயர் இல்லை. ‘பாயி’ என்பது மட்டுமே அழைப்பு. ஏழாம் நாள் அவர் ‘சகோதரி’. எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். ஒலிவாங்கி அவர் கையில். அவருடைய கணவனின் குடி, மகளின் காய்ச்சல், வாடகைப் பாக்கி ஆகியவை அண்டத்தைப் படைத்தவர் செவிகொடுத்துக் கேட்கத்தக்க செய்திகள் என்று அந்த அறையிலுள்ள அனைவரும் ஒப்புக்கொள்கின்றனர்.

நத்தானியேல் ராபர்ட்ஸ் சென்னைச் சேரி ஒன்றின் பெந்தெகொஸ்தே பெண்களைப் பற்றி 2016இல் வெளியிட்ட நூலில் இதைக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார். அங்கே மதமாற்றம் அண்டை வீட்டாரிடமிருந்து பிரிந்துபோகும் செயலாக இல்லை. பெண்கள் ஒருவர் துயரை மற்றவர் சுமக்கும் கடமையை அது உருவாக்கியது. வெளியில் சொன்னால் மானம் போகும் என்று வீட்டுக்குள் புதைத்த துயரம், சபை முன் சொல்லும்போது இழிவு நீங்கி வழக்காகிறது. இதைக் ‘கிடைத்தது’ என்ற வினைச்சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஏனெனில் இது யாரோ ஒருவர் கொடுத்த பொருளன்று, அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் செயல்.

இங்கே ஒரு சொல்லை முன்வைக்கிறேன். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குடும்பமும் இரண்டிலொரு பட்டியலில் விழுகிறது: மராத்தியில் ‘பாத்ர’, ‘அபாத்ர’, தகுதியுடையோர், தகுதியற்றோர். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை ஆவணத்தால் நிறுவுபவருக்கே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. மாடியறைவாசியும் பின்வந்தவரும் வேறிடம் போக வேண்டும். சேரிவாசியின் வாழ்க்கையில் இந்தச் சொல் குடும்ப அட்டை முதல் குடிநீர் இணைப்பு வரை எங்கும் தொடர்கிறது. இதே வடசொல் தமிழ் விவிலியத்திலும் இறைவேண்டல் மொழியிலும் வேரூன்றியது: பாத்திரன், அபாத்திரன். தாராவித் தமிழ்க் கிறித்தவர் வார நாளில் அலுவலகச் சுவரில் பார்ப்பதும் ஞாயிறன்று வாயால் சொல்வதும் ஒரே சொல்.

“தம்மைத் தாமே அபாத்திரர் என்று சொல்லிக்கொள்வதில் என்ன தன்மதிப்பு?” என்று முற்போக்கு நண்பர் கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் இரு பயன்பாடுகளையும் ஒப்பிடுங்கள். அரசின் பட்டியலில் அபாத்திரர் சிலர், மற்றவர் பாத்திரர், பிரிப்பவன் அதிகாரி. இறைவேண்டலில் அபாத்திரர் அனைவரும்: வேலைக்காரியும் எசமானியும், கணக்கெடுக்க வந்தவரும், மேடையில் நிற்கும் போதகரும். சாதி என்பது தகுதியின்மையைச் சிலருக்கு மட்டும் பிறப்பால் பங்கிட்டுக் கொடுக்கும் முறை. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற ஓர் இறையியல் அந்தப் பங்கீட்டையே செல்லாததாக்குகிறது. பிறகு, தகுதி பாராமல் ஏற்கப்பட்டேன் என்ற அறிவிப்பு வருகிறது. மதிப்பு என்பது தகுதிச் சான்றிதழைப் பொறுத்ததன்று என்று அந்தப் பெண் அங்கே கற்கிறார். தம் வாழ்நாள் முழுவதும் சான்றிதழ் கேட்டுத் துன்புறுத்தப்பட்ட ஒருவர் அடையக்கூடிய மிகத் தெளிவான அரசியல் அறிவு இது. இதை நாம் ஏன் அறிவு என்று அழைப்பதில்லை?

5. அபினியும் சுயமரியாதையும்

அபினி என்னும் சொல்லைக் கையில் வைத்திருக்கும் தோழர்கள், மார்க்ஸ் அதே பத்தியில் சமயத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் இதயமற்ற உலகின் இதயமாகவும் கண்டதை மறந்துவிடுகிறார்கள். சமயம் துயரின் வெளிப்பாடு மட்டுமன்று, துயருக்கு எதிரான மறுப்பும்கூட என்று அவர் எழுதினார். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வாசிப்பு ஆகாது.

சுயமரியாதை மரபினர் கடவுளை நீக்கினால்தான் தன்மானம் பிறக்கும் என்கின்றனர். கடவுள் மறுப்பு ஒரு மதிப்புமிக்க வழி; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இழிவு நீங்க இஸ்லாமை மருந்தாகப் பரிந்துரைத்தவரும் பெரியாரே. மருந்தை எல்லோர்க்கும் ஒன்றாக அவர் கருதவில்லை.

அம்பேத்கரை இங்கே அழைப்பது தவிர்க்க முடியாதது. இடமும் அண்டையிலேயே இருக்கிறது. 1935 அக்டோபரில் யேவலாவில் தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அறிவித்த அவர், 1936 மே இறுதியில் தாதரை அடுத்த நைகாவில் கூடிய மகர் மாநாட்டில் அம்முடிவை விளக்கினார். தாராவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே அது. மதமாற்றத்தை அவர் அன்று இரு பக்கங்களிலிருந்து அணுகினார்: ஒன்று சமூகப் பொருளியல் வாழ்வு, மற்றொன்று ஆன்மிகம். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடவில்லை. இந்துக்களை விட்டு விலகுவது குறித்து எழுதிய கட்டுரையில் இன்னும் முன்னே சென்றார். தீண்டப்படாதோரின் மதமாற்றத்திற்கு ஆன்மிக அடிப்படை இல்லை என்போரிடம், ஐரோப்பிய அரசர்களும் அவர்தம் குடிகளும் மதம் மாறியபோது என்ன ஆன்மிகத் தேர்வு நடந்தது என்று வரலாற்றைக் காட்டிக் கேட்டார். பெயரின் அரசியலையும், புதிய உறவுச் சமூகம் கிடைப்பதன் பொருளையும் அக்கட்டுரை விரித்துரைக்கிறது. நம் கருத்தரங்குகள் இன்று எழுப்பும் எதிர்வாதங்களுள் பல அங்கே ஏற்கெனவே விடை பெற்றுவிட்டன. வாசிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

6. சபைகளுக்கு

இதுவரை வாசித்துத் தலையசைத்த சபைத் தலைவர்களே, மகிழ வேண்டாம். இனி உங்களுக்கு.

அதே அம்பேத்கர்தான் மதம் மாறியோரின் நிலை பற்றி எழுதும்போது, இந்தியக் கிறித்தவம் மாறியவர்களின் சாதியை அசைக்கவில்லை என்றும், படித்த கிறித்தவர்கள் தம் மக்களின் உரிமைக்காகப் போராடவில்லை என்றும் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டு இன்னும் நிலுவையில் இருக்கிறது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் ஒரே விசுவாசத்தினரான வன்னியக் கிறித்தவர் தலித் கிறித்தவரைத் தாக்கினர். காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைப் பிரித்த சுவர் நெடுங்காலம் நின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட 2016 டிசம்பர் வரை ஆனது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால் வர 2022 ஆகஸ்ட் வரை ஆனது. ஞாயிறு காலை அனைவரும் அபாத்திரர். திங்கள் காலை கல்லறையில் சிலர் மட்டும் அபாத்திரர் என்றால், உங்கள் இறைவேண்டல் பொய்ச்சாட்சி.

சீர்திருத்தச் சபைகளின் நவீனப் பேச்சாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நீ அரசரின் பிள்ளை, ஆகவே செழிப்பாய்’ என்னும் செழிப்பின் போதனை, தன்மதிப்பைக் கொடுப்பதுபோல் கொடுத்துத் தலைகீழாகப் பறிக்கிறது. வீடு கிடைக்காதவருக்கு விசுவாசம் போதவில்லை என்று ஆகிறது. பட்டியலில் அபாத்திரராக நின்றவர் கடவுளிடமும் அபாத்திரராகத் திரும்புகிறார். அரசு அலுவலகத்தின் தகுதித் தர்க்கத்தை வானத்திற்கு ஏற்றுமதி செய்யும் வேலை இது. தாராவியின் ஏழைப் பெண்ணிடம் காணிக்கை வாங்கிக்கொண்டு அவள் வறுமைக்கு அவளையே பொறுப்பாக்கும் ஊழியம் எதுவாயினும் அது அவள் கண்டடைந்த நற்செய்திக்கு எதிரானது.

நம்பிக்கையில் மதிப்பைக் கண்டவர்கள் திருச்சபைக்கு எதிராகவே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த மதிப்பு உண்மையானது என்பதற்குச் சான்று. ரமாபாய் தமக்கு ஆதரவளித்த ஆங்கிலிக்கன் துறவியரிடமே, தம் மனச்சான்றை எந்தப் போதகரிடமும் ஒப்படைக்க முடியாது என்று வாதிட்டார். பொய்கையில் யோகன்னான் சபைகளுக்குள் சாதியைக் கண்டு வெளியேறித் தம் மக்களுக்கென ஓர் இயக்கத்தையே தொடங்கினார். திருநெல்வேலியில் பிறந்த பேராயர் அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, நீங்கள் பொருளைத் தந்தீர்கள், நாங்கள் கேட்பது நட்பு என்ற பொருளில் பேசினார். அரவிந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலுக்கு வித்திட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தார். பாமா துறவு மடத்தை விட்டு வெளியேறி 1992இல் ‘கருக்கு’ தந்தார். சலுகைக்காக வந்தவர் கொடுத்தவரோடு சண்டையிடுவதில்லை. அடுத்த சலுகைக்காகக் காத்திருப்பார். இவர்கள் சண்டையிட்டார்கள். தம் மதிப்பு திருச்சபை கொடுத்ததன்று, திருச்சபையும் கட்டுப்பட்ட ஓரிடத்திலிருந்து வந்தது என்று அவர்கள் நம்பியதே அதற்குக் காரணம்.

7. வேறு என்ன கேட்கலாம்?

“உண்மையில் அற்பமான தூண்டுதல்களே இல்லையா?” என்று ஒருவர் கேட்கக்கூடும். உண்டு. எல்லாச் சமயங்களிலும், எல்லாச் சாதிகளிலும், பல்கலைக்கழக நியமனங்களிலும் உண்டு. நான் கேட்பது சம நிலை மட்டுமே. ஆய்வாளரின் ஐயம் கிருஷ்ணபிள்ளைக்கும் தாராவிச் சகோதரிக்கும் ஒரே அளவில் பொருந்தட்டும். அல்லது ஆய்வாளரின் மரியாதை இருவருக்கும் ஒரே அளவில் கிடைக்கட்டும்.

ஆகவே இந்நகரில் களப்பணிக்குப் புறப்படும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள். “என்ன கிடைத்தது?” என்ற வினாவை உங்கள் வினாநிரலிலிருந்து நீக்குங்கள். மாறாக, இவற்றைக் கேளுங்கள்: நீங்கள் எதை உண்மை என்று கண்டீர்கள்? அதற்காக எதை இழந்தீர்கள்? அந்த உண்மையைக் கொண்டு யாரிடம், எப்போது, எதிர்த்துப் பேசினீர்கள்? உங்கள் போதகரிடம் பேச முடிந்ததா? இவற்றுக்கான விடைகள் உங்கள் கோட்பாட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது மாற்ற வேண்டியது கோட்பாட்டை.

சட்டம் குறித்தும் நம் துறைகள் நிலைப்பாடு எடுக்க வேண்டும். 1950 ஆணையின் மூன்றாம் பத்தியிலிருந்து மதத்தைப் பிரித்துவிட வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒடுக்கப்பட்டவர் தம் மனச்சான்றுக்கு விலை கொடுக்க வேண்டிய நிலை நீடிக்கும்வரை, அவருடைய நம்பிக்கையை ஆராயும் நாம் நடுநிலையில் நிற்கவில்லை. அந்த விலையைக் குறித்துவைக்கும் எழுத்தர்களாக நிற்கிறோம்.

மறுப்புகளை வரவேற்கிறேன். ஒரே நிபந்தனை: எந்த அளவுகோலால் தாராவிக் கிறித்தவரை அளக்கிறீர்களோ, அதே அளவுகோலால் முதலில் உங்கள் சொந்தச் சமயத்தையோ சமய மறுப்பையோ அளந்துவிட்டு எழுதுங்கள்.